ஊறல் ஒரு பானை

ஓய்வு பெற்ற பிறகு கோர்ட்டுப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். மூன்று வாரம் தாங்கியது. பென்ஷன் காகிதத்தில் ஒரு கையெழுத்து விட்டுப் போயிற்று, வந்து போட்டுவிட்டுப் போங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். போனேன். என் நாற்காலியில் செல்வராணி என்ற பெண் உட்கார்ந்து தமிழ்த் தட்டச்சு மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாக்குமூலமும் தீர்ப்பும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்த மிஷினுக்கு மட்டும் இன்னும் செய்தி எட்டவில்லை போலிருக்கிறது.

"நீங்க குடுத்து வச்சவங்க சார். உங்க காலத்துல எல்லாத்தையும் இங்கிலீஷ்ல நாலு வரி எழுதி மடிச்சு வச்சிட்டுப் போயிட்டீங்க. இப்ப என்னடான்னா, அவங்க வாயில என்ன வருதோ அத அப்படியே எழுதணுமாம். ஒவ்வொருத்தர் வாயிலயும் ஒவ்வொரு தமிழ் வருது."

"அப்படியே எழுதாட்டி என்னம்மா ஆயிரும்?"

"என்ன ஆயிரும்? ஒண்ணும் ஆகாது."

எனக்கு விக்கல் வந்துவிட்டது. அந்தப் பெண் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். பாவம், தாகம் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு விக்கல் தாகத்தில் வருவதில்லை; பயத்தில் வரும். மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நாக்கு ஒட்டும். என்னைப் படைத்தவன் அதற்குச் சத்தம் வைத்துவிட்டான். பயந்ததை மறைக்க எனக்கு இந்த ஜென்மத்தில் வழியில்லை. என் கல்யாணத்தில் தாலி கட்டும்போது வந்த விக்கலில் மூன்றாவது முடிச்சை என் அக்காதான் போட்டாள்.

செல்வராணிக்குச் சொல்ல வேண்டியதை அன்று சொல்லவில்லை. காகிதத்தில் எழுதினால் விக்கல் கேட்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

*

பள்ளிக்கூடம் முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, தேர்வாணையப் பரீட்சை எழுதி, நகல் எடுக்கும் குமாஸ்தாவாக மூன்று வருஷம் அடுத்தவர்களுடைய தலைவிதியைப் படி எடுத்துப் பழகி, ஒரு நாள் பெஞ்சு கிளார்க் ஆனேன். இந்த ஒரு வாக்கியத்துக்குள் என் வாலிபம் முழுவதும் அடங்கிவிட்டது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு சின்ன மாஜிஸ்திரேட் கோர்ட்டு. எது என்று சொல்லமாட்டேன். கட்டடத்துக்கும் மானம் உண்டு. புளி வியாபாரி ஒருவரின் வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்தது. கூடத்தில் விசாரணை. சமையலறைதான் வழக்குச் சொத்துகள் வைக்கும் அறை. திருட்டுக் கோழிக் கூண்டு, அரிவாள், சாராய பாட்டில் எல்லாம் ஊறுகாய் ஜாடி இருந்த அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கரண்டி மாட்டும் ஆணியில் ஒரு கொலை முயற்சிக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

அதுவரை நிலவரி வாங்கும் அதிகாரியே வழக்கும் விசாரிப்பார். காலையில் கிஸ்தி, மதியம் நீதி. சுதந்திரம் வந்த பிறகு அது தப்பு என்று சொல்லி, நிர்வாகத்தையும் நீதியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். எங்களுக்குத் தனி மாஜிஸ்திரேட் வந்தார். இனிமேல் கலெக்டருக்குப் பதில் சொல்ல வேண்டாம், ஐகோர்ட்டுக்குச் சொன்னால் போதும் என்றார்கள். பெரிய சீர்திருத்தம்தான், நான் குறை சொல்லவில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோல மேஜை, பீரோ, நாற்காலி எல்லாம் பிரித்தார்கள். பழக்கத்தைப் பிரிக்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. போலீஸ் கொண்டுவந்தால் குற்றவாளி, பிடித்த மாட்டுக்குக் கயிறு என்ற பழைய வழக்கம் அப்படியே எங்கள் பங்குக்கு வந்து சேர்ந்தது.

மாஜிஸ்திரேட் பெயர் வைத்தியலிங்கம். ஒல்லி, கழுத்துப் பட்டன் வரை போட்ட கோட்டு. யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. "அப்படியா" என்ற ஒரே சொல்லை வைத்து உத்தியோகத்தையே ஓட்டிவிட்டார். அதில் மூன்று ரகம் உண்டு. 'யா'வைக் குறுக்கிச் சொன்னால், சரி, மேலே போ. நீட்டினால், நீ சொல்வது பொய். 'அப்'பில் செத்த நேரம் நின்று பிறகு 'படியா' என்றால், வீட்டுக்குக் கடிதம் எழுதி விடைபெற்றுக்கொள். வக்கீல்களே இதை எண்ணிக்கொண்டுதான் வாதாடுவார்கள். என் சர்வீஸில் மூன்றாவது ரகம் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு முறை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதுவிலக்குக் கிழமை. சாராயம் காய்ச்சியவர், விற்றவர், குடித்தவர், குடித்தவரைத் தாங்கிப் பிடித்தவர் எல்லாரையும் போலீஸ் வேனில் ஏற்றி வந்து வராந்தாவில் உட்கார வைப்பார்கள். நல்ல நாளிலேயே முப்பது பேருக்குக் குறையாது. ஒவ்வொருவரையும் கூண்டில் ஏற்றி, குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து, "ஒத்துக்கிறியா?" என்று கேட்டு, அவர் சொன்ன பதிலை இங்கிலீஷில் எழுதி, மாஜிஸ்திரேட்டிடம் கையெழுத்து வாங்க வேண்டியது பெஞ்சு கிளார்க். அதாவது நான். பதிலை முடிந்தவரை குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. பரீட்சைக்கு அதைப் படித்தேன். பாஸ் ஆனதும் மறந்துவிட்டேன். பரீட்சை என்பது அதற்குத்தானே.

முதல் செவ்வாய்க்கிழமை குற்றச்சாட்டை முழுசாக வாசித்தேன். "இன்ன தேதியில், இன்ன ஊரில், உம்முடைய வீட்டுப் பின்கட்டில், சட்ட விரோதமாகச் சாராயம் காய்ச்சும் நோக்கத்துடன், ஒரு மண்பானை நிறைய ஊறல் வைத்திருந்ததாக உம்மீது சாட்டப்படுகிறது. இதை ஒப்புக்கொள்கிறீரா?" பத்தாவது ஆளுக்குத் தொண்டை கட்டியது. வெல்லத்தையும் பட்டையையும் போட்டுப் புளிக்க வைக்கும் சரக்குக்கு ஊறல் என்று பெயர்; அதைக் காய்ச்சினால் சாராயம். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததை எதற்கு முப்பது முறை சொல்வானேன்? இரண்டாம் மாதம் தேதி போயிற்று. நாலாம் மாதம் ஊர் போயிற்று. ஆடியில் எடுத்த வேட்டி மாதிரி ஒவ்வொரு துவைப்புக்கும் குற்றச்சாட்டு ஒரு சாண் சுருங்கியது. கடைசியில் 'சாராயம்' என்ற சொல்லே போய்விட்டது. மிஞ்சியது கோவணம்.

"ஊறல் ஒரு பானை. ஒத்துக்கிறியா?"

"ஆமாங்க."

"அடுத்தாளு."

யாரும் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்குள் கோர்ட்டு முடிந்தது. ஹெட் கிளார்க் பிச்சையா அண்ணன் முதுகில் தட்டி, "அப்பு, நீ வந்த பெறகுதாம்ப்பா நான் நேரத்துக்குச் சோறு திங்கிறேன்" என்றார். நான் அதை ஒரு விருதாகவே எடுத்துக்கொண்டேன்.

*

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினேழாவது ஆள் குருசாமி. சின்னாளப்பட்டிப் பக்கம் நெசவும் சாயமும் செய்கிறவர். நாற்பது வயது, விரல் நகங்கள் எல்லாம் கறுத்திருந்தன. கூண்டில் ஏறியதும் எல்லாருக்கும் ஒரு பொதுக் கும்பிடு போட்டார்.

"ஊறல் ஒரு பானை. ஒத்துக்கிறியா?"

"ஆமாய்யா, ஊறல் போட்டது நாந்தேன்."

வழக்கமாக இதோடு முடிந்துவிடும். அவர் முடிக்கவில்லை. முகத்தில் ஒரு பெருமை வந்தது. "மூணு தலைமுறையா எங்க வீட்டுல ஊறல் போடுறோம்யா. எங்க ஊறலு மாதிரி இந்தச் சுத்துப்பட்டில எவனும் போட்டுற முடியாது. மதுரைக்காரவுகளே வந்து கேட்டுப் போவாக."

கோர்ட்டு சிரித்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த மற்ற பதின்மூன்று பேரும் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார்கள். மாஜிஸ்திரேட் முந்தைய ஆளின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்; தலையைத் தூக்காமல், "என்ன சொல்றான்?" என்றார்.

இந்த இடத்தில் என்னை நான் கூண்டில் ஏற்றியாக வேண்டும். எனக்கு அப்போது இங்கிலீஷ் மோகம். நல்ல வாக்கியம் ஒன்று எழுத வாய்ப்புக் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். முப்பது பேரும் "ஆமாங்க" என்றால் எதைத்தான் எழுதுவது? இதோ வந்தான் ஒருத்தன் என்று பேனாவை எடுத்தேன். நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'குற்றவாளி தம் குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு, இத்தொழில் தம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தழைத்து வருவதாகவும், தமது சரக்குக்கு ஈடு இணை இல்லை என்றும், அதன் கீர்த்தி மதுரை வரை பரவியிருப்பதாகவும் சிறிதும் வெட்கமின்றித் தெரிவிக்கிறார்.' 'சிறிதும் வெட்கமின்றி' என்பது என் சொந்தச் சரக்கு. அந்த இடத்தில் ஒரு தாளம் தேவைப்பட்டது.

மாஜிஸ்திரேட் படித்தார். "அப்படியா" என்றார், குறில். மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு வாரம். குருசாமிக்கு மூன்று மாதம் கடுங்காவல்.

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "மூணு மாசமா? ஊறலுக்கா?" என்றார். ஏட்டு ஒருவர் தோளில் கை வைத்து இறக்கினார். நான் அதற்குள் "அடுத்தாளு" என்று கூப்பிட்டுவிட்டேன்.

*

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, காலை கோர்ட்டு தொடங்கும் முன்னால் ஒரு பெண்பிள்ளை வராந்தாவில் வந்து நின்றார். கையில் துணி மூட்டை.

"அய்யா, நான் குருசாமி சம்சாரம், காமாச்சி. எங்க வீட்டு ஊறலத் திருப்பித் தருவீகளா?"

எனக்கு அன்று வாய்க்கொழுப்பு. "ஏம்மா, சாராய ஊறலத் திருப்பிக் கேட்டு கோர்ட்டுக்கு வந்த மொத ஆளு நீதாம்மா. கூடத் தொட்டுக்க வெஞ்சனம் ஏதாச்சும் வேணுமா?" என்றேன். பியூன் மாயாண்டி சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "சாராயமா? யாருக்குச் சாராயம்?" என்று மூட்டையை அவிழ்த்தார். உள்ளே நூல் கழிகள். பாதி வெள்ளை, பாதி மஞ்சளும் காவியுமாக ஒரு மங்கல் நிறம். "கடுக்கா ஊறல்யா. கடுக்காத் தண்ணில நூல ஊறப் போட்டாத்தேன் சாயம் புடிக்கும். பாதி நூலு முக்கிட்டு மீதிய முக்குறதுக்குள்ள பானையத் தூக்கிட்டு வந்துட்டீக. இன்னொரு ஊறல்ல போட்டா நெறம் சேருமா? அவரு கைப்பக்குவம் எனக்கு வராது. எங்கய்யா கொண்டுபோயி முக்குறது இத?"

"அவரு... ஒத்துக்கிட்டாரேம்மா."

"ஊறல் போட்டியான்னுதானய்யா கேட்டீகளாம்? போட்டாரு, போட்டேன்னாரு. போன மாசந்தேன் பஞ்சாயத்துல, சாயத் தண்ணியத் தெருச் சாக்கடையில விடாதீகன்னு தண்டோரா போட்டாக. அதுக்குத்தேன் புடிச்சாகன்னு நெனச்சிருக்காரு மனுசன். ஒத்துக்கிட்டா செத்த நேரத்துல விட்டுருவாகன்னு ஏட்டய்யா வேற சொன்னாராம்."

பிறகு விசாரித்ததில் தெரிந்தது இது. அடுத்த சந்தில் நிஜமாகவே சாராயம் காய்ச்சியவர்கள் போலீஸைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் தேடிய ஏட்டு, கடுக்காய் வாடை அடித்த பக்கம் போனார். சாராய ஊறலிலும் கடுக்காய் போடுவார்கள். மூக்கு பொய் சொல்லவில்லை. வாசித்த வாய்தான் சொல்லியது.

விக்கல் ஆரம்பித்தது.

அந்தப் பானையைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே உடைத்துவிட்டார்கள். ஒரு பாட்டில் மட்டும் மாதிரி எடுத்து, அரக்கு முத்திரை வைத்து, எங்கள் சமையலறையில் இருந்தது. ஒத்துக்கொண்ட வழக்கு என்பதால் அதைச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஒத்துக்கொண்ட வழக்கு பாட்டில்களை மாதம் இரண்டு முறை கொல்லைச் சாக்கடையில் கொட்டிவிடுவது வழக்கம். இன்று என்ன தேதி என்று யோசித்தேன். யோசிக்கும்போதே கொல்லையிலிருந்து மாயாண்டி குரல் கேட்டது. என்னோடு சிரித்துவிட்டு அவன் எப்போதோ அங்கே போயிருந்தான்: "பதினஞ்சு... பதினாறு..."

நான் ஓடினேன். அந்த மாதிரி ஓட்டம் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் வெள்ளி டம்ளர் கிடைத்திருக்கும். வேட்டி கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியது. பாதியை அதற்கே தானம் கொடுத்தேன். மாயாண்டி குருசாமியின் பதினேழாம் பாட்டிலின் அரக்கைச் சுவரில் தட்டக் கை ஓங்கியிருந்தான். பாய்ந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"ஏன் சார், ஒங்களுக்கு வேணும்னா சொல்லியிருந்தா நான் எடுத்து வச்சிருப்பேன்ல?" என்றான்.

"ஏலே, அதுக்கில்ல... ஹிக்."

அந்த நேரம் பார்த்துத்தான் மாஜிஸ்திரேட் கொல்லைப் பக்கம் கை கழுவ வந்தார். அவர் கண்டது இது: அவருடைய பெஞ்சு கிளார்க், காலை பத்து மணிக்கு, பாதி வேட்டியோடு, ஒரு சாராய பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விக்கிக்கொண்டிருக்கிறான்.

"அப்..." என்றார். நின்றார். "...படியா."

*

பிச்சையா அண்ணன் என்னை மூலைக்கு இழுத்துப் போனார். "ஏலே அப்பு, கேளு. ஒத்துக்கிட்ட கேசு செத்த பாம்பு. அத எவனும் தோண்ட மாட்டான். நீயாப் போயி வாயத் தொறந்தா ஒன் வேல போகும், எனக்கு மெமோ வரும். மூணு மாசந்தான? கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்."

அவர் நல்ல மனிதர். அவர் சொன்னது எனக்குப் பிடித்தும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். கண்ணை மூடித் திறக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் விக்கல் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தேன், மூச்சை அடக்கினேன், வெல்லம் தின்றேன். உண்மையைச் சொன்னால் நின்றுவிடும் என்று தோன்றியது. ஆக, தர்மமும் நியாயமும் என்னை அந்த அறைக்குள் தள்ளவில்லை. விக்கல்தான் தள்ளியது.

மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் கேட்டார். காமாட்சியம்மாளையும் கூப்பிட்டு, நூல் கழியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குற்றச்சாட்ட வாசி."

காகிதத்தைப் பிரித்து முழுசாக வாசித்தேன். இன்ன தேதியில், இன்ன ஊரில், சட்ட விரோதமாக...

"இது இல்ல. அன்னைக்கு வாசிச்ச மாதிரி வாசி."

"சார்..."

"அன்னைக்கு எந்தச் சத்தத்துல, எந்த வேகத்துல வாசிச்சியோ, அதே மாதிரி."

நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "ஊறல் ஒரு பானை. ஒத்துக்கிறியா?"

அறையில் மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி முனகியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒத்துக்கிறேன்" என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "ஒரு வருஷமா நீ இப்படித்தான் வாசிக்கிறே. நான் ஒன் பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன்? காது இல்லாமலா இருந்தேன்? சீக்கிரம் முடியுதுன்னு நானும்தான் சந்தோசப்பட்டேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கையெழுத்துப் போட்ட தீர்ப்ப நானே மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. மேல எழுதணும். நான் என் தப்ப எழுதுறேன். நீ ஒன் தப்ப எழுது. பொய்யா அடக்கமும் காட்டாத, அலங்காரமும் பண்ணாத. அவன் சொன்னது எதுவோ அதத் தமிழ்லயே எழுது."

அப்போதுதான் கவனித்தேன்: விக்கல் நின்றிருந்தது. வேலை போகப் போகிறது என்ற நினைப்பில் உடனே திரும்ப வந்தது.

அந்த அறிக்கையை எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. இங்கிலீஷில் என்றால் கால் மணி நேரத்தில் முடித்திருப்பேன். குருசாமி சொன்ன மூன்று வரியைத் தமிழில் எழுதும்போது கை ஓடவில்லை. 'நாந்தேன்' என்று எழுதினால் மேல் கோர்ட்டில் சிரிப்பார்களோ என்று 'நான்தான்' என்று எழுதினேன். மாஜிஸ்திரேட் அடித்துவிட்டார். "அவன் அப்படியா சொன்னான்?" என்றார். மறுபடி 'நாந்தேன்' என்றே எழுதினேன். அவர் திருத்திய தாள்களை அடுக்கியபோது மொத்தம் பதினொன்று இருந்தன.

மதுரைச் செஷன்ஸ் கோர்ட்டு எங்கள் கடிதம் போன வாரமே குருசாமியைப் பிணையில் விடச் சொல்லியது. அதற்குள் அவர் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறையில் இருந்துவிட்டார். என்னையும் வரச் சொன்னார்கள். செஷன்ஸ் ஜட்ஜ் நான் எழுதிய அந்த இங்கிலீஷ் பத்தியை எடுத்து இரண்டு முறை படித்தார். ரசித்துப் படித்தார் என்றே தோன்றியது. உள்ளூர ஒரு பெருமை கூட எட்டிப் பார்த்தது எனக்கு.

"நல்ல இங்கிலீஷ்" என்றார். "இதவிட மோசமா எழுதியிருந்தா அந்த ஆளு ரெண்டு வாரத்துல வீட்டுக்குப் போயிருப்பான்."

திண்டுக்கல் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் விக்கினேன். பக்கத்தில் இருந்த நத்தம்காரர் ஒருவர், "தம்பிய யாரோ நெனைக்கிறாக" என்றார். நினைத்துக்கொண்டிருந்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

*

ஐகோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. வழக்கை முதலிலிருந்து நடத்தச் சொல்லியது. அந்தப் பாட்டில் சென்னைக்குப் போய், 'சாராயப் பொருள் எதுவும் இல்லை' என்ற காகிதத்தோடு திரும்பி வந்தது. எனக்கு வேலை போகவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கண்டனக் குறிப்பு மட்டும் ஏறியது. மாஜிஸ்திரேட்டுக்கும் ஒன்று ஏறியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குருசாமி மறுபடி கூண்டில் ஏறினார். நான் குற்றச்சாட்டை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். 'சாராயம் காய்ச்சும் நோக்கத்துடன்' என்ற இடம் வந்ததும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னது? சாராயமா? அய்யா, என் அப்பன் சத்தியமாச் சொல்லுறேன், அந்த எழவ நான் மோந்துகூடப் பாத்ததில்லய்யா!" பிறகு என்னைப் பார்த்தார். "ஏன்யா, இம்புட்டு நீளமா இருக்குறத அன்னைக்கே வாசிச்சா என்ன? வாயி தேஞ்சு போயிருமா?"

கோர்ட்டு சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட், "பதில எழுது. அவர் சொன்னபடியே" என்றார். என்னைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து எழுதினேன்.

அன்று மாலையே தீர்ப்பு. குருசாமிக்கு விடுதலை. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். குருசாமி மட்டும் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவைவிட்டு நகரவில்லை.

"இங்கிலீசுல இருக்கே. எங்க தெருவுல இத யாரு படிப்பா? சாராயக்காரன் வீடுன்னு எங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டேங்குறாக. சொசைட்டிக்காரர் நூல் குடுக்கும்போது மொகத்தப் பாக்கமாட்டேங்குறாரு. நீதான வாசிச்ச? நீயே வந்து தமிழ்ல எழுதி வாசிச்சுட்டுப் போ."

'நீங்க' போய் 'நீ' ஆகியிருந்ததைக் கவனித்தேன். நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிப் போனேன்.

தெருவே கூடியிருந்தது. தறிச் சத்தம் நின்றிருந்தது. தீர்ப்பை வரிக்கு வரி தமிழாக்கி ஒரு தாளில் எழுதி, தெளிவாக, ஒரு சொல் விடாமல் வாசித்தேன். கடைசி வரி: '...ஆகவே குருசாமி விடுதலை செய்யப்படுகிறார்.'

கும்பலில் இருந்த பெரியவர் ஒருவர் தலையை ஆட்டினார். "சரி, விடுதல பண்ணிட்டாக. அது எங்களுக்குத் தெரியுமே. எப்பவோ ஜெயில்ல இருந்து வந்துட்டான்ல. தப்புப் பண்ணலன்னு எங்க இருக்கு அதுல?"

நான் திரும்பப் படித்தேன். அவர் சொன்னது சரி. சிறைக் கதவைத் திறந்துவிட்டாலும் விடுதலை. குற்றமே இல்லை என்றாலும் விடுதலை. இங்கிலீஷில் அதற்குத் தனிச் சொல் இருந்தது. எங்கள் கோர்ட்டுத் தமிழில் இரண்டுக்கும் ஒன்றுதான். தண்டனை முடிந்து வருகிறவனையும் இதே சொல்லால்தான் அழைப்பார்கள். குருசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காமாட்சியம்மாள் நிலைப்படியைவிட்டு வெளியே வரவே இல்லை.

விக்கல் வந்துவிட்டது. தீர்ப்பில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. ஏற்கெனவே ஒரு கண்டனம் இருக்கிறது. இன்னொன்று வந்தால் வேலை போகும். அந்தத் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில், கோர்ட்டு முத்திரை எதுவும் இல்லாமல், விக்கலுக்கு விக்கல் ஒரு சொல்லாக எழுதினேன். 'குருசாமி போட்டது நூலுக்குக் கடுக்காய் ஊறல். சாராயம் இல்லை. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவருக்கு அரைகுறையாக வாசித்து, அவர் சொன்னதை மாற்றி எழுதியது நான்.' கீழே பெயர், வேலை, தேதி, கையெழுத்து.

அதை வாசித்தேன். பெரியவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பின்னால் நின்ற பெண்களுக்குக் கேட்கவில்லை என்று மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் காமாட்சியம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, எனக்கு நீட்டவில்லை, அந்தப் பெரியவருக்கு நீட்டினார். அவர் வாங்கி, அண்ணாந்து, செம்பு முழுவதையும் குடித்தார்.

"இவரு ஜெயில்ல இருந்து வந்து ஆறு மாசமாச்சு" என்றார் அந்த அம்மாள், யாரிடமும் இல்லாமல். "இன்னைக்குத்தேன் வீட்டுக்கு வந்திருக்காரு."

குருசாமி அந்தத் தாளில் தறிக் கஞ்சியைத் தடவி, எழுதிய பக்கம் தெரியும்படி, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் மெல்ல நழுவிப் பஸ் ஏறிவிட்டேன். அம்பாத்துறை தாண்டிய பிறகுதான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். கோர்ட்டுப் பேனா, அரசாங்கச் சொத்து, அங்கேயே கிடக்கிறது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம்தான். போனால் நாலாம் தரம் வாசிக்கச் சொல்வார்களே என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.